மாறிவரும் மதிப்பீடும் நம் பிள்ளைகளும்

(சங்கத்தின் பொன்விழா ஆண்டான 2024-இல், கல்விப் பிரிவு ஏற்பாடு செய்த பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)





கல்விப் பிரிவினர் என்னைப் பேசக் கேட்டபோது, "ஓர் ஆசிரியரை அழையுங்கள், நான் மிளகும் சீரகமும் விற்பவன்" என்றுதான் சொன்னேன். அதற்கு அவர்கள், "ஆசிரியர் பேசினால் பள்ளிக்கூடத்தின் பக்கம் நின்று பேசுவார். கடையின் பக்கம் நின்று பேச ஓர் ஆள் வேண்டும்" என்றார்கள். அதனால் வந்திருக்கிறேன். போலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு அத்தாவின் மளிகை மொத்த வியாபாரத்தில் உட்கார்ந்தவன் நான். எனக்கு எடை தெரியும், அளவு தெரியும். அந்த அறிவை வைத்துக்கொண்டு பிள்ளைகளின் தேர்வைப் பற்றிப் பேசுகிறேன்.

என் கடையில் உள்ள தராசுக்கு 1972-ஆம் ஆண்டு எடை, அளவைச் சட்டப்படி ஒவ்வோர் ஆண்டும் சரிபார்ப்பு உண்டு. அதிகாரி வருவார், படிக்கல்லை வைப்பார், சரியாக இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டுவார். அந்த ஸ்டிக்கர் இல்லாத தராசில் நிறுத்து விற்றால் குற்றம். அரிசிக்கும் பருப்புக்கும் இவ்வளவு கவனம். நம் வீட்டுப் பிள்ளையின் படிப்பை யார் நிறுக்கிறார்கள், எப்போது நிறுக்கிறார்கள், எந்தத் தராசில் நிறுக்கிறார்கள் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? இன்றைக்கு நான் பேசப்போவது இவ்வளவுதான்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. இங்கே இருக்கும் பெரியவர்கள் பலர் அனுபவித்த கதை.

நாட்டின் கல்விக்கு அடித்தளம் போட்டது 1956-ஆம் ஆண்டு ரசாக் அறிக்கை. அதே ஆண்டில்தான் தேர்வு வாரியமும் உருவானது. சுதந்திரம் வருவதற்கு முன்பே தேர்வுக்கென்று ஓர் அமைப்பு வந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். அடுத்த சில ஆண்டுகள், ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளைகளுக்கு இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு ஒன்று இருந்தது. அதில் தேறினால் இடைநிலைப்பள்ளி. தேறாவிட்டால் பன்னிரண்டு வயதில் படிப்பு முடிந்தது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்த வாசல் திறக்கவில்லை. 1964-இல் அந்தத் தேர்வை எடுத்தார்கள். 1965 முதல் எல்லாப் பிள்ளைகளும் படிவம் 3 வரை போகலாம் என்றானது. நம் பெரியவர்களில் சிலர் படிவம் 1-இல் காலை வைத்ததே அந்த முடிவினால்தான்.

வாசல் படிவம் 3-க்குத் தள்ளிப்போனது, அவ்வளவுதான். அங்கே எல்.சி.இ. இருந்தது, பிறகு அது எஸ்.ஆர்.பி. ஆனது. அதில் தவறியவர்கள் நின்றார்கள். பள்ளியை விட்டு நின்றுபோகும் பிள்ளைகளைப் பற்றி முராட் முகமட் நோர் தலைமையில் 1973-இல் ஓர் ஆய்வு அறிக்கை வந்தது. வறுமைக்கும் இடைநிற்றலுக்கும் உள்ள தொடர்பை அது எடுத்துக் காட்டியது. பின்னாளில் அவரே கல்வித் தலைமை இயக்குநராகவும் இருந்தார். அந்த அறிக்கையை நம் ஆட்கள் படித்திருக்க மாட்டார்கள். படிக்கத் தேவையும் இல்லை, ஏனென்றால் அதில் சொல்லப்பட்ட பையன்கள் நம் கடைகளில்தான் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார்கள். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கல்லாவில் உட்கார்ந்து பெயர் எடுத்த எத்தனையோ பேர் எஸ்.ஆர்.பி.யோடு நின்றவர்கள். இந்தச் சுங்கை வேயில் 1970-களில் தொழிற்சாலைகள் வந்தபோது, படிவம் 3 சான்றிதழை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களும் உண்டு. அவர்கள் உழைப்பில்தான் நாம் படித்தோம். அதை மறக்கக் கூடாது. ஆனால் அவர்களைக் கேட்டால், "எனக்குக் கணக்கு நன்றாக வரும் தம்பி, மொழிதான் வரவில்லை. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை" என்பார்கள். தேர்வு அவர்களை வெளியே அனுப்பியது. ஏன் வெளியே அனுப்பியது என்று அது சொல்லவில்லை.

1988-இல் யு.பி.எஸ்.ஆர். வந்தது. 1993-இல் எஸ்.ஆர்.பி. போய் பி.எம்.ஆர். வந்தது. 2014-இல் அதுவும் போய் பி.டி.3 வந்தது. என் வயதுக்காரர்கள் யு.பி.எஸ்.ஆர்., பி.எம்.ஆர்., எஸ்.பி.எம். மூன்றையும் எழுதியவர்கள். தமிழ்ப்பள்ளியில் படித்தவனுக்கு அப்போது 7 ஏ என்றால் உச்சம். 2016-இலிருந்து அது 8 ஏ ஆனது. 7 ஏ எடுத்த பிள்ளையின் படம் பத்திரிகையில் வரும். சங்கத்தில் கூப்பிட்டு மேடையில் பரிசு கொடுப்போம். அத்தா கடையில் வருகிறவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுப்பார்.

அந்தத் தேர்வுகளில் ஒரு வசதி இருந்தது. ஏ என்றால் என்ன, இ என்றால் என்ன என்று பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கும் தெரியும். ஒரு கெடுதலும் இருந்தது. ஆறாம் ஆண்டு முழுவதும் பழைய கேள்வித்தாள்களைப் போட்டுத் திரும்பத் திரும்ப எழுத வைப்பார்கள். ஏ வரக்கூடிய பிள்ளைகளுக்குச் சிறப்பு வகுப்பு. வராது என்று தெரிந்த பிள்ளை பின்வரிசையில் சும்மா இருக்கும். மேடையில் பரிசு வாங்கிய பிள்ளைகளை நமக்கு நினைவிருக்கிறது. கீழே உட்கார்ந்து கை தட்டிய பிள்ளைகளை யார் நினைத்துப் பார்த்தோம்?

இப்போது இன்றைய நிலைக்கு வருகிறேன்.

2020-இல் கோவிட் காரணமாக யு.பி.எஸ்.ஆர். நடக்கவில்லை. 2021 ஏப்ரலில் அன்றைய கல்வி அமைச்சர் ரட்ஸி ஜிடின் அதை அடியோடு நீக்குவதாக அறிவித்தார். 2022 ஜூனில் பி.டி.3-யும் நீக்கப்பட்டது. அப்படியானால் ஒரு கணக்குப் போடுங்கள். 2020-இல் ஆறாம் ஆண்டு படித்த பிள்ளை 2023-இல் படிவம் 3. 2024-இல் படிவம் 4. அந்தப் பிள்ளை யு.பி.எஸ்.ஆர். எழுதவில்லை, பி.டி.3 எழுதவில்லை. 2025-ஆம் ஆண்டு எஸ்.பி.எம்.தான், பள்ளிப் பாடங்களில் அவன் வாழ்க்கையின் முதல் பொதுத்தேர்வு. பதினேழு வயதில்! மாலையில் கஃபா வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் ஐந்தாம் ஆண்டில் யு.பி.கே.கே. எழுதுகிறார்கள். அது மார்க்கக் கல்விக்கான தேர்வு. மலாய், ஆங்கிலம், கணிதம், வரலாறு இவற்றில் வெளியார் திருத்தும் தாள் அந்த ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பதினேழு வயதுவரை இருக்கவில்லை.

இதைக் கேட்டதும் சிலர், "அப்போ பரீட்சையே இல்லையா? நல்லதாய்ப் போச்சு" என்கிறார்கள். வேறு சிலர், "பரீட்சை இல்லாமல் பிள்ளை எப்படிப் படிக்கும்?" என்கிறார்கள். மதிப்பீடு இன்னமும் இருக்கிறது, ஆனால் இடம் மாறிவிட்டது என்பதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

2011-இல் ஆரம்பப்பள்ளி முதலாம் ஆண்டிலும், 2012-இல் படிவம் 1-இலும் பள்ளிசார் மதிப்பீடு தொடங்கியது. அதன் முக்கியப் பகுதிதான் இன்று எல்லோரும் பி.பி.டி. என்று சொல்லும் வகுப்பறை மதிப்பீடு. ஆசிரியர் பாடம் நடத்தும்போதே பிள்ளையைக் கவனித்து, அவனுடைய அடைவுநிலையை 1 முதல் 6 வரை குறிக்கிறார். அறிக்கையில் டி.பி. என்று போட்டு ஓர் எண் இருக்கும். அதோடு நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரையும், படிவம் 1 முதல் 3 வரையும் கல்வியாண்டு இறுதித் தேர்வு ஒன்று உண்டு. 2022-இல் வந்த அதைப் பிள்ளைகள் உவாசா என்கிறார்கள். பள்ளியே நடத்தி, பள்ளி ஆசிரியரே திருத்துவது. விளையாட்டு, புறப்பாட நடவடிக்கைகளுக்குத் தனி மதிப்பீடு இருக்கிறது.

அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். 6 என்றால் மிக உயர்ந்தது. 1 என்றால் அடிப்படை மட்டும் தெரியும். 3 என்பது எல்லாப் பிள்ளைகளும் எட்ட வேண்டிய குறைந்தபட்ச நிலை. இந்த முறை முதலில் வந்தபோது படிநிலைகளுக்கு எளிமையான விளக்கம் கொடுத்திருந்தார்கள். முதல் நிலை, தெரியும். இரண்டாம் நிலை, தெரியும், புரியும். மூன்றாம் நிலை, தெரியும், புரியும், செய்யவும் முடியும். அதற்கு மேலே உள்ள மூன்றும் அதை ஒழுங்காக, சிறப்பாக, மற்றவருக்கு முன்மாதிரியாகச் செய்வது. எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. கடையில் புதிதாகச் சேரும் பையனை நான் இப்படித்தான் எடைபோடுகிறேன். சரக்கின் பெயர் தெரிகிறதா? எது எதற்கு என்று புரிகிறதா? தனியாக விட்டால் செய்வானா?

பழைய முறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை ஓர் உதாரணத்தில் சொல்கிறேன். ஓட்டப்பந்தயத்தில் முதல் ஆள், இரண்டாம் ஆள் என்று வரிசை உண்டு. வாகன உரிமத் தேர்வில் வரிசை கிடையாது. ஓட்டத் தெரிந்தால் உரிமம், தெரியாவிட்டால் மறுபடியும் வா. வகுப்பறை மதிப்பீடு உரிமத் தேர்வைப் போன்றது. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட அது பயன்படாது. நம் பிள்ளைக்கு என்ன வருகிறது, என்ன வரவில்லை என்று அறியத்தான் பயன்படும். ஆகவே "வகுப்பில் எத்தனாவது?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்கு இந்த அறிக்கையில் பதில் இல்லை.

நான் போலிடெக்னிக்கில் படித்ததும் ஏறக்குறைய இப்படித்தான். பட்டறை வேலை, பயிற்சிக் கட்டுரை, சிறு சோதனைகள் எல்லாம் சேர்ந்து மதிப்பெண். கடைசித் தேர்வு அதில் ஒரு பகுதி. இரும்பைக் கடைசல் எந்திரத்தில் போட்டு அளவு தவறினால், பயிற்றுநர் அன்றைக்கே காட்டுவார், மறுநாள் திருத்திக்கொள்ளலாம். இந்த முறையின் பலம் அதுதான். ஆனால் பயிற்றுநர் காட்டியதை மாணவன் பார்க்க வேண்டும். பள்ளிப் பிள்ளைக்குப் பதிலாகப் பார்க்க வேண்டியவர்கள் பெற்றோர். அந்த அறிக்கை ஆண்டுக்கு இரண்டு முறை வீட்டுக்கு வருகிறது. கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பும் தாள் என்றுதான் நம்மில் பலர் அதை நினைக்கிறோம்.

போன ஆண்டு வேலை கேட்டு ஒரு பையன் வந்தான். பதினெட்டு வயது, நல்ல சுறுசுறுப்பு, முகத்தில் மரியாதை. ஒரு விலைப்பட்டியலைக் கொடுத்து, மலாயில் ஓர் உணவகத்துக்கு நான்கு வரி எழுதச் சொன்னேன். வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தான். எஸ்.பி.எம்.மில் மலாய் போய்விட்டது. மலாயும் வரலாறும் தேறாவிட்டால் மற்ற பாடங்களில் என்ன எடுத்திருந்தாலும் எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைக்காது என்பது உங்களுக்குத் தெரியும். மலாய் நெடுங்காலமாக அப்படி, வரலாறு 2013 முதல். "படிவம் 2, 3-லேயே கஷ்டமா இருந்துச்சாப்பா?" என்று கேட்டேன். "ஆமாண்ணே. ஆனா வருஷா வருஷம் மேல ஏத்தி விட்டாங்க. சரியாத்தான் இருக்கு போலன்னு நினைச்சேன். வீட்லயும் யாரும் ஒண்ணும் கேக்கல" என்றான்.

அந்தப் பையனின் அறிக்கையில் 2 என்று இருந்திருக்கும். ஒருமுறை அல்ல, பலமுறை. யாரோ ஓர் ஆசிரியர் அதைக் குறித்திருப்பார். அந்த எண் வீட்டுக்கும் வந்திருக்கும். படிக்க ஆள் இல்லை. முன்பு எஸ்.ஆர்.பி. கொடுமையாக நடந்துகொண்டது உண்மை, ஆனால் பதினைந்து வயதில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது. இன்று யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. நாமே போய்க் கேட்க வேண்டும்.

இது ஒரு பையனின் கதை என்று விட்டுவிட முடியாது. பதினைந்து வயது மாணவர்களைப் பல நாடுகளில் ஒரே அளவில் சோதிக்கும் பிசா ஆய்வில், நம் நாட்டின் வாசிப்பு மதிப்பெண் 2018-இல் 415. 2022-இல் 388. கணிதம் 440-இலிருந்து 409-க்கு இறங்கியது. அறிவியல் 438-இலிருந்து 416-க்கு. கோவிட் காலம் எல்லா நாடுகளையும் பாதித்தது. என்றாலும் இறக்கம் இறக்கம்தான். வாசித்துப் புரிந்துகொள்ளாத பிள்ளைக்கு வரலாறும் வராது, அறிவியலும் வராது.

சரி, நாம் என்ன செய்வது? நம் வீடுகளின் நிலைமை எனக்குத் தெரியும். சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர் வீடு திரும்பும்போது பிள்ளை தூங்கியிருக்கும். காலையில் பிள்ளை கிளம்பும்போது இவர் தூங்கிக்கொண்டிருப்பார். பள்ளியில் பெற்றோர் சந்திப்பு நாள் என்றால் கடையில் ஆள் இல்லாத நாளாகத்தான் அமையும். அதனால் எல்லாம் தாய்மார்கள் தலையில் விழுகிறது. ஆகவே செய்யக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.

அறிக்கை வந்ததும் ஒவ்வொரு பாடத்திலும் 1, 2 எங்கே இருக்கிறது என்று மட்டும் முதலில் பாருங்கள். 5-ஐயும் 6-ஐயும் பிறகு பார்த்து மகிழலாம். 2 இருந்தால் ஆசிரியரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். என் பிள்ளைக்கு எது வரவில்லை? 3-க்கு வர அவன் எதைச் செய்துகாட்ட வேண்டும்? வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? நேரில் போக முடியாவிட்டால் வாட்ஸ்அப்பில் மரியாதையாக எழுதிக் கேளுங்கள். குறை சொல்லாமல் கேட்டால் ஆசிரியர்கள் மகிழ்ச்சியாகப் பதில் சொல்கிறார்கள். முப்பது, நாற்பது பிள்ளைகளுக்கு எண் போடும் அவர்களுக்கும், அந்த எண்ணை ஒருவர் படிக்கிறார் என்று தெரிந்தால் ஓர் ஊக்கம் இருக்காதா?

அடுத்து, அந்த எண்ணையே வீட்டில் சரிபாருங்கள். தராசுக்குப் படிக்கல் வைப்பதுபோல. மலாய்ப் பத்திரிகையில் ஒரு செய்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து முடித்ததும் மூடி வைத்துவிட்டு, என்ன விஷயம் என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். நமக்கு மலாய் சரியாக வராவிட்டாலும் பிள்ளைக்குப் புரிந்ததா என்று நமக்குத் தெரிந்துவிடும். பத்து நிமிடம் போதும். கடையிலேயே செய்யலாம்.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாக ஒரு சொல். ஆறாம் ஆண்டு முடிவில் மலாய் போதாவிட்டால் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருக்க வேண்டிவரும். அதை அவமானமாக எண்ண வேண்டாம். அதே சமயம் நான்காம் ஆண்டிலேயே மலாயைக் கவனித்தால் அந்த ஓராண்டு மிச்சமாகும். தேசியப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருப்பவர்களுக்கு வேறொரு சொல். அங்கே தாய்மொழி வகுப்பு இருந்தால் கட்டாயம் அனுப்புங்கள். எஸ்.பி.எம்.மில் தமிழும் ஒரு பாடம் என்பது ஒருபுறம். இன்னும் முப்பது ஆண்டு கழித்து இந்தச் சங்கத்தின் மலரை வாசிக்க ஆள் வேண்டாமா?

இனி, சங்கம் என்ன செய்யலாம் என்ற விஷயம். அளந்து பார்த்துப் பிள்ளை பின்தங்கியிருக்கிறது என்று தெரிந்துவிட்டது. பிறகு கைகொடுப்பது யார்? இந்தக் கேள்விக்கு நம் மொழி பேசும் முஸ்லிம்களில் ஒருவர் வாழ்ந்து காட்டிய பதில் இருக்கிறது. இலங்கையின் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள். 1911-இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்தவர். 1935-இல் இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். அந்தக் காலத்தில் அதைவிடக் கடினமான தேர்வு அங்கே கிடையாது.

போர்க்காலத்தில் 1942-இல் அவரைக் கிழக்கே கல்முனைக்கு அனுப்பினார்கள், உணவு உற்பத்தியைக் கவனிக்க. போன இடத்தில் நெல்லை மட்டும் பார்க்காமல் பிள்ளைகளையும் பார்த்தார். அறிவுள்ள பிள்ளைகள் பணமில்லாமல் வயலோடு நின்றுபோவதைக் கண்டார். சுவாமி விபுலானந்தரின் நட்பும் அங்கே அவருக்குக் கிடைத்தது. 1945-இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை ஏற்படுத்தினார். 1948-இல், யாரும் விட விரும்பாத அந்த சிவில் சேவைப் பதவியை விட்டுவிட்டு, கொழும்பு ஸாஹிராக் கல்லூரிக்கு அதிபராகப் போனார். 1961 வரை அங்கே இருந்தார். அந்தக் காலத்தைக் கல்லூரியின் பொற்காலம் என்று இன்றும் சொல்கிறார்கள். தேர்வில் உச்சியைத் தொட்ட மனிதர், தேர்வு வாசலுக்கே வர முடியாத பிள்ளைகளுக்காகத் தம் பதவியை விட்டார்.

நம்மால் பதவியை விட முடியாது, நம்மிடம் பதவியும் இல்லை. கடை இருக்கிறது. ஒரு மாடி அறை இருக்கிறது. இந்த மண்டபம் வாரத்தில் ஐந்து நாள் பூட்டிக் கிடக்கிறது. நான் செயலவையின் முன் மூன்று யோசனைகள் வைக்கிறேன்.

ஒன்று, வாரத்தில் இரண்டு மாலை இந்த மண்டபத்தைத் திறந்து, மலாய் வாசிப்பும் கணிதமும் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்வது. அறிக்கையில் 1, 2 வாங்கிய பிள்ளைகளுக்கே முதலிடம். அவர்களைத் தனியே பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். பெற்றோரிடம் அமைதியாகச் சொன்னால் போதும். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நம் வட்டாரத்திலேயே இருக்கிறார்கள். ஆசிரியருக்கான போக்குவரத்துச் செலவையும் பிள்ளைகளுக்கான தேநீரையும் கடைக்காரர்கள் பிரித்துக்கொள்வோம்.

இரண்டு, எஸ்.பி.எம்.மில் மலாயோ வரலாறோ தவறிய பிள்ளைகள் மறுதேர்வு எழுத வழி இருக்கிறது. அது பலருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்களும் வேலைக்குச் சேர்ந்ததும் விட்டுவிடுகிறார்கள். நம் கடைகளில் வேலை பார்க்கும் அப்படிப்பட்ட பையன்களைப் பதிய வைத்து, தேர்வு நாளில் சம்பளத்தோடு விடுமுறை கொடுப்போம். நான் சொன்ன அந்தப் பையன் இப்போது என் கடையில்தான் இருக்கிறான். புதன்கிழமை மாலைகளில் மலாய் படிக்கப் போகிறான். இன்ஷா அல்லாஹ், அடுத்த தாளில் எழுதுவான்.

மூன்று, நம் பரிசளிப்பு விழா. அதிக ஏ எடுத்தவருக்குப் பரிசு கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. கூடவே, 2-இலிருந்து 4-க்கு ஏறிய பிள்ளைக்கும் ஒரு பரிசு வையுங்கள். போலிடெக்னிக்குக்கும் தொழிற்கல்லூரிக்கும் போகிற பிள்ளையையும் மேடைக்குக் கூப்பிடுங்கள். ஈப்போவில் உங்கு ஓமார் போலிடெக்னிக் 1969-இல் தொடங்கியதிலிருந்து எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த வழி சோறு போட்டிருக்கிறது. பல்கலைக்கழகம் கிடைக்காதவர்கள் ஒதுங்கும் இடம் என்று அதை நினைக்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. நான் அதில் படித்தவன் என்பதால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

பெரியோர்களே, அளவையிலும் நிறுவையிலும் நேர்மை வேண்டும் என்று மார்க்கம் நமக்கு எவ்வளவு கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது என்பதை நான் உங்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. வியாபாரிகளான நாம் அதைக் கேட்டே வளர்ந்தவர்கள். அந்த நேர்மை பிள்ளைகள் விஷயத்திலும் வேண்டும். 2 என்று வந்ததை 2 என்றே ஏற்றுக்கொள்வோம், மறைக்க வேண்டாம். பிள்ளையைத் திட்டவும் வேண்டாம். அதை 3 ஆக்க என்ன வழி என்று அன்றைக்கே உட்கார்ந்து பேசுவோம். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் படிக்க வாய்ப்பில்லாதவர்கள். தாங்கள் இழந்தது பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் தொடங்கினார்கள். எஸ்.பி.எம். எழுதப்போகும் நம் பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது. இன்று இரவு வீட்டுக்குப் போனதும் கடைசியாக வந்த அறிக்கையைத் தேடி எடுங்கள்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் பயனுள்ள கல்வியை வல்ல அல்லாஹ் வழங்குவானாக. இந்தச் சங்கத்துக்காக உழைத்து மறைந்த பெரியவர்களின் பிழைகளைப் பொறுத்து, அவர்களுக்கு மேலான சுவனத்தைத் தருவானாக.